ஓரம் வெட்டிய படம்

திருவனந்தபுரத்தில் கோட்டைக்குள்ளே ஒரு நூல்நிலையம் இருந்தது. அங்கே போய் உட்காரலாம், தூங்கலாம், வெற்றிலை போடலாம், ஊர்வம்பு பேசலாம். படிக்க மட்டும் கூடாது.

கிரந்த ரக்ஷா மந்திரம், அதாவது ஏடு காக்கும் கோயில், என்று அதற்குப் பெயர். கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றுப் பத்தை, அதாவது 1935-ஐ, ஒட்டிய காலம். நவராத்திரிக்குப் புத்தகங்களைச் சரஸ்வதியின் முன்னால் அடுக்கிப் பூஜைக்கு வைப்பதும், விஜயதசமியன்று பூஜை எடுக்கிற வரைக்கும் ஓர் எழுத்தும் படிக்காமலிருப்பதும் இந்த ஊரில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். மந்திரத்திலும் ஒரு நவராத்திரிக்கு ஓலைச்சுவடிகள் அத்தனையையும் பூஜைக்கு வைத்தார்கள். வைத்தவர் அப்போதிருந்த டைரக்டர். பூஜை எடுப்பதற்குள் அவருக்கு மாற்றலாகிவிட்டது. வைத்தவர்தான் எடுக்கவேண்டும் என்று ஒரு கட்சி. டைரக்டர் என்பது பதவிதானே, புதிதாக வந்தவர் எடுத்தால் என்ன என்று இன்னொரு கட்சி. கேள்வி மேலிடத்துக்குப் போயிற்று. மேலிடம் யோசித்துக்கொண்டேயிருந்தது. ஏடுகள் வருஷக்கணக்காகப் பூஜையிலேயே இருந்தன.

அதனால் ஒரு நஷ்டமும் இல்லை என்பதை ஆபீஸ் சீக்கிரமே கண்டுகொண்டது. தினமும் காலையில் கட்டுகளின் மேல்பலகைக்குப் பூச்சி அரிக்காமலிருக்கப் புல்தைலம் தடவினார்கள். சந்தனம் தொட்டு வைத்தார்கள். கர்ப்பூரம் காட்டினார்கள். பிறகு எல்லாரும் காப்பி குடிக்கப் போனார்கள். 'இவ்வருஷமும் வாசகர்களால் ஓர் ஏட்டுக்கும் சேதமில்லை' என்று வருஷா வருஷம் அறிக்கை போயிற்று. மேலிடம் சந்தோஷப்பட்டு ஆட்களைக் கூட்டிக்கொடுத்தது.

கடைசியில் யாரோ ஒரு பொறாமைக்காரன் மேலிடத்தில் கோள் சொல்லிவிட்டான், மந்திரத்துக்கு ஜனங்களே வருவதில்லை என்று. அப்போது டைரக்டராக இருந்தவர் வெங்கடசுப்ரமணியன். நல்ல சரீரம், ஜரிகைத் தலைப்பாகை, பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாத நாக்கு. ஜனங்களை வரவழைக்க அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். நிலவறையில் பழைய அச்சுப் படங்கள் ஒரு பெட்டி நிறையக் கிடந்தன. பூஜைக்கு அகப்படாமல் தப்பியவை அவை மட்டும்தான். அவற்றுக்குக் கண்ணாடி போட்டு மாட்டுவது, ஒவ்வொன்றின் கீழும் ருசிகரமான கதை ஒன்றை மூன்று பாஷையில் எழுதிவைப்பது, வருஷத்தில் ஒரு நாள் கண்காட்சி என்று சகல ஜாதி ஜனங்களையும் உள்ளே விடுவது என்று ஏற்பாடாயிற்று.

கதை எழுத ஒரு குமாஸ்தா வேண்டுமே? ஸ்ரீவராகத்திலிருந்து சேஷன் என்பவர் அமர்த்தப்பட்டார். ஏடு படிக்கத் தெரிந்தவர் என்று சொல்லிக்கொண்டு வேலைக்கு வந்தவர். ஏடு பூஜையில் இருந்ததால் அது மெய்யா பொய்யா என்று பார்க்க யாருக்கும் வாய்க்கவில்லை.

படங்களுக்குச் சட்டங்கள் ஒரே அளவில் மொத்தமாக வந்து இறங்கின. சில படங்கள் சட்டத்தைவிட நீளமாக இருந்தன. தச்சன் விழித்தான். "சட்டம் சர்க்கார் தேக்கு, அதுல கை வைக்கப்படாது. காகிதம்தானே, வெட்டு" என்று டைரக்டர் உத்தரவு போட்டார். தச்சன் படங்களின் அடியோரத்தை வெட்டினான். அச்சுப் படங்களில் விவரம் இருப்பது அடியோரத்தில்தான் என்பதை அங்கே ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை. அந்தக் கட்டடத்தில் எழுத்தைப் பார்த்து எத்தனை காலமாயிற்று!

இனி ஞானசிகாமணியின் சமாசாரம். களியக்காவிளைச் சந்தையில் கருப்பட்டி வியாபாரம் செய்பவர். வேதக்காரர். ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்குப் போவார், மற்ற நாளெல்லாம் ஈ ஓட்டுவார், ஒருவரோடும் வழக்குக்கு நின்றதில்லை. மனைவி தாசம்மாள். ஒரே மகள் சரோஜம், மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். சரோஜத்தை நெய்யாற்றின்கரை யோசுவாவின் மகனுக்கு நிச்சயம் செய்திருந்தார்கள். யோசுவா அங்கே சபையின் பெரிய மனுஷர். மகன் வாத்தியார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபையில் ஓலை வாசித்து, இன்னாருக்கும் இன்னாருக்கும் கலியாணம் என்று எல்லாருக்கும் அறிவிக்க வேண்டியதுதான் பாக்கி.

அந்த வாரத்தில் யோசுவா வந்தார். வந்தவர் திண்பண்டத்தையும் தொடவில்லை, காப்பியையும் தொடவில்லை. சுவரில் பத்துக் கட்டளைக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சீமையில் அச்சான படம் அது. தொடையளவு வெள்ளத்தில் ஒரு மனிதன். இடுப்பில் துண்டு. தலைமேல் இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்த ஓலைச்சுவடிக் கட்டுகள். ஞானசிகாமணியின் தாத்தா மாசிலாமணிதான் அந்த மனிதர். பத்மநாபபுரத்திலிருந்து மகாராஜாவின் ஏடுகளை வண்டியேற்றித் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோனபோது குழித்துறை ஆற்றில் வெள்ளம் வந்து வண்டிகள் சாய்ந்தன. காவலுக்கு வந்தவர்கள் கரையேறி ஓடிவிட்டார்கள். பக்கத்துப் பனையிலிருந்து இறங்கி வந்த மாசிலாமணி திரும்பத் திரும்ப ஆற்றில் இறங்கி அத்தனை கட்டையும் தலையில் சுமந்து கரை சேர்த்தார். பார்த்துக்கொண்டிருந்த சர்வே துரை ஒருவர் அதைப் படமாக எழுதி, சீமைக்கு அனுப்பி அச்சிட்டு, ஒன்றை அரண்மனைக்குக் கொடுத்தார், ஒன்றை மாசிலாமணிக்குக் கொடுத்தார். அடியில் இங்கிலீஷில் ஒரு வரி: 'வெள்ளத்தில் அரசரின் ஏடுகளைக் காத்த மாசிலாமணி.' சரோஜம் இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் வரி அதுதான்.

"சம்மந்தி, ஒண்ணு கேட்டா வருத்தப்படப்பிடாது" என்றார் யோசுவா. "உங்க பாட்டா கள்ளனா?"

ஞானசிகாமணிக்கு முதலில் காதில் விழுந்தது என்னவென்றே புரியவில்லை.

"திருவந்தரத்துல காட்சி பாக்கப் போனேன். இதே படம். இதே ஆளு. கீழ எழுதியிருக்குது, 'அரண்மனையில் ஏடு திருடிக்கொண்டு ஆற்றில் இறங்கித் தப்பியோடும் கள்ளன்' எண்ணு. எங்க சபைக்காரங்க கூட நிண்ணு பாத்தேன். எனக்கு மேலெல்லாம் கூசிப்போச்சு."

"அய்யோ, அவரு காப்பாத்தினவரு ஐயா! தோ, அடியில எழுதியிருக்கே!"

"நான் நம்புகேன். நான் நம்பி என்ன செய்ய? சபை நம்பணுமே. சர்க்காரு கண்ணாடி போட்டு மூணு பாஷையில எழுதி வச்சா அது பொய்யாவுமா? நீங்க போய் மாத்தி எழுதச் சொல்லுங்க. மாத்தின பொறவு ஓலை வாசிப்போம். அதுவரைக்கும் நிக்கட்டும்."

சரோஜம் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பெண்ணின் கலியாணம் இப்போது ஒரு கதைக் குமாஸ்தாவின் பேனா முனையில் நின்றது.

மறுநாளே ஞானசிகாமணி பஸ்ஸேறித் தலைநகரத்துக்கு வந்தார். மந்திரத்தின் வாசலில் சேவகன் கோலப்பன் மறித்தான்.

"எந்தா வேணும்?"

"ஒரு படம் பாக்கணும்."

"குளிச்சாச்சா? செருப்பு அங்க. குடை இங்க. என்ன ஜாதி?"

"வேதக்காரன்."

"அப்பிடின்னா உள்ள போகப்பிடாது ஓய். ஏடு பூஜையில இருக்கு. அந்த ஜன்னல் வழி நிண்ணு பாரும்."

"எனக்க பாட்டா உள்ளதானே தொங்குகாரு?"

"அது படம். படத்துக்கு அயித்தம், தீட்டு ஒண்ணும் இல்லா. ஆளுக்குத்தான்" என்று கோலப்பன் பொறுமையாக விளக்கினான்.

ஞானசிகாமணி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். தாத்தா அங்கே தொங்கினார். கண்ணாடியில் செக்கச்செவேலென்று ஏதோ வழிந்து காய்ந்திருந்தது.

"அது என்ன?"

"வெத்தில எச்சி. காட்சியன்னிக்கு ஜனங்க துப்பினது. தொடச்சும் ஓரத்துல கறை நிண்ணுபோச்சு" என்றான் கோலப்பன். அவன் குரலில் பெருமைதான் இருந்தது. "வேற ஒரு படத்துக்கும் இத்தர வரவேற்பு இல்லா, பாத்துக்கிடும். ராஜாக்க படத்தக்கூட அரை நிமிஷம் பாத்துட்டுப் போயிருவானுவ. இதுக்கு முன்னால வரிசையில நிண்ணு துப்புனானுவ."

ஞானசிகாமணி ஜன்னல் கம்பியை விட்டுக் கையை வேஷ்டியில் துடைத்துக்கொண்டார். எழுதுகிற எனக்கே கூசுகிறது, பேரனுக்கு எப்படியிருக்கும்!

கதைக் குமாஸ்தா சேஷன் வராந்தாவில் வந்து நின்று பேசினார். உள்ளே விட முடியாதவர்களோடு பேசுவதற்கென்றே வராந்தாவில் ஒரு கோடு போட்டிருந்தது. ஞானசிகாமணி கோட்டுக்கு வெளியே நின்று வெள்ளத்தின் கதை முழுவதையும் சொன்னார்.

சேஷன் மூக்குப்பொடி போட்டுக்கொண்டே கேட்டார். "ஓய், நான் நெனச்சதை எழுதறவன் இல்லை. படத்தைப் பார்த்து, ஆலோசிச்சு எழுதறவன். இடுப்பிலே துண்டு, தலையிலே ஏடு. இந்த ரெண்டும் ஒரு ஆள்கிட்ட சேர்ந்திருந்தா என்ன அர்த்தம்? பூணூல் இருந்தா பண்டிதர்னு எழுதியிருப்பேன். தொப்பி இருந்தா ஆராய்ச்சி பண்ண வந்த துரைன்னு எழுதியிருப்பேன். ரெண்டும் இல்லையே! இந்த மாதிரி ஆள் கையிலே ஏடு வரணும்னா வேற எந்த வழியிலேங்காணும் வரும்?"

"வெள்ளத்துல எறங்கி எடுத்தாரு சாமி. நனஞ்சு நிக்காரு பாருங்க."

"கள்ளன் நனைய மாட்டானோ?"

ஞானசிகாமணி ஏடுகள் இருந்த பக்கம் கையைக் காட்டினார். "அந்த ஏட்டுக் கட்டுலயே வெள்ளத்துக்க கதையை அண்ணைக்கு எழுதி வச்சதாட்டு எங்க அப்பா சொல்லுவாரு. அவுத்துப் பாத்தா தெரியுமே சாமி" என்றார்.

சேஷனின் முகம் வெளிறிப் போயிற்று. "அவுக்கறதா? பூஜையிலே இருக்கறதையா? சிவ சிவா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அது பக்தியா, ஏட்டைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லிவிடுவார்களோ என்ற பயமா என்று நான் தீர்மானிக்கவில்லை.

பிறகு விஷயம் உண்மை நிர்ணயக் கமிட்டிக்குப் போயிற்று. மந்திரத்தில் அப்படியும் ஒரு கமிட்டி இருந்தது. அதற்கு அதுவரையில் வேலை வந்ததில்லையாதலால் உற்சாகமாகக் கூடினார்கள். சர்க்கார் பலகாரம் வந்தது. தின்றார்கள். ஞானசிகாமணியைக் கோட்டுக்கு வெளியே நிறுத்தி விசாரித்தார்கள். தாத்தா ஏன் நேரில் வரவில்லை என்று ஓர் அங்கத்தினர் கேட்டார். செத்துப்போய்விட்டார் என்றதும், குற்றம் சுமத்தப்பட்டவர் இப்படி ஆஜராகாமலிருப்பது சந்தேகத்தை அதிகமாக்குகிறது என்று குறித்துக்கொண்டார்கள். தாத்தா காப்பாற்றினார் என்றால், காப்பாற்றச் சொல்லி உத்தரவு இருந்ததா என்று இன்னொருவர் கேட்டார். இல்லை என்றார் ஞானசிகாமணி. உத்தரவில்லாமல் அரண்மனைச் சாமானைத் தூக்குவதற்கு என்ன பெயர் என்று அந்த அங்கத்தினர் மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தார்.

டைரக்டர் வெங்கடசுப்ரமணியன் கையை உயர்த்தி எல்லாரையும் அடக்கினார்.

"ஞானசிகாமணி, உம்ம மேலே எங்களுக்கு ஒரு விரோதமும் கிடையாது. ஆனா ஒண்ணு யோசிக்கணும். கதை முதல்லே வந்துடுத்து. ரிப்போர்ட்டிலே அச்சாயிடுத்து. மேலிடத்திலே வாசிச்சு, பேஷ்னு எழுதியாச்சு. உம்ம உண்மை இப்போதான் வந்து நிக்கறது. லேட்டா வந்தா வாசல்லேதானே ஓய் நிக்கணும்? அடிச்சுப் பிடிச்சுண்டு உள்ளே வரப்படாது. டிபார்ட்மென்டோட பிரெஸ்டீஜ் என்ன ஆறது?"

"சாமி, எனக்க மகளுக்க கலியாணம் நிண்ணுபோச்சு."

"அது ஃபேமிலி மேட்டர். கமிட்டி அதிலே தலையிடப்படாது."

"எங்க வீட்டுல இதே படம் இருக்கு. அடியில பேரும் சங்கதியும் அச்சடிச்சிருக்கு. உங்க படத்துல அது எங்க சாமி?"

கமிட்டி கோலப்பனைப் பார்த்தது. கோலப்பன் தலையைச் சொறிந்தான். "சட்டத்துக்கு நீளம் கூடிப்போச்சுன்னு தச்சன் வெட்டினான். வெட்டின துண்டு கொறச்சு நாளு கெடந்தது. ஒரு நாளு பூஜைக்கு வெளக்கு கொளுத்தத் தீப்பெட்டி நனஞ்சிருந்தது. அடுப்புலேருந்து தீ எடுக்க அதைத்தான் சுருட்டினேன்."

"பார்த்தேளா! வீணாப் போகலை, பூஜைக்குத்தான் போயிருக்கு" என்றார் டைரக்டர் நிம்மதியாக. அங்கத்தினர்கள் தலையாட்டினார்கள். டைரக்டர் ஞானசிகாமணியின் பக்கம் திரும்பினார். அவருடைய முகம் திடீரென்று இளகிக் கனிந்தது. "உம்மகிட்டே முழுப்படம் இருக்குன்னு முதல்லேயே சொல்லப்படாதோ? அதைக் கொண்டாரும். மாசக்கடைசியிலே மேலிடத்திலேர்ந்து பெரிய மனுஷர் ஒருத்தர் வரார், ஸ்பெஷல் கண்காட்சி. அன்னிக்கு சபை நடுவிலே புதுசா எழுதி மாட்டறேன். உம்ம பாட்டன் பேரைப் போட்டு, ஊரைப் போட்டு எழுதறேன். சம்பந்திகளையும் அழைச்சுண்டு வாரும். போருமோ?"

ஞானசிகாமணி வராந்தாக் கோட்டுக்கு வெளியே நெடுஞ்சாண்கிடையாக விழாத குறைதான். மரியாதை கெட்ட இடத்தில் மரியாதை கிடைத்துவிட்டால் நல்ல மனுஷர்கள் எல்லாரும் இப்படித்தான் உருகிப்போகிறார்கள்.

வீட்டில் தாசம்மாள் படத்தைக் கழற்ற விடவில்லை. "குடுத்தா திரும்பி வராது. அந்தக் கட்டடத்துக்குள்ள போன எது வெளிய வந்திருக்கு, சொல்லும் பாப்பம்!"

"பாட்டாக்க பேரு வரணும்லா, தாசம்மா? மகளுக்க காரியம்லா?"

சரோஜம்தான் படத்தைக் கழற்றித் துணியில் சுற்றினாள். சுற்றுவதற்கு முன்னால் அந்தக் கடைசி வரியை விரலால் தடவினாள். "எனக்கு இது மனப்பாடம் அப்பா. ஆனா அவியளுக்குப் படிக்கத் தெரியுமா?" என்றாள்.

மந்திரத்தின் வாசலில் வெற்றிலைத் தட்டோடு படத்தை வாங்கிக்கொண்டார்கள். வாங்கிய கையோடு சந்தனம் தொட்டு, கர்ப்பூரம் காட்டி, பூஜையில் வைத்துவிட்டார்கள். ஞானசிகாமணி ரசீது கேட்டார். "சரஸ்வதிக்குக் குடுத்ததுக்கு ரசீது உண்டோ?" என்று சேஷன் காதைப் பொத்திக்கொண்டார். பூஜையில் வைத்துவிட்டபடியால் படத்தை இனிமேல் ஞானசிகாமணி தொடக்கூடாது என்றும், வேதக்காரர் தொட்டால் அது பூஜைக்கு ஆகாது, பிறகு மந்திரத்தைச் சேர்ந்த எவரும் அதைக் கையால் எடுக்கவும் கூடாது என்றும் விதியை எடுத்துச் சொன்னார்கள். இந்த விதி கொஞ்சம் ஞாபகத்தில் இருக்கட்டும்.

மாசக் கடைசியில் ஸ்பெஷல் கண்காட்சி வந்தது. வாசலில் வாழை மரமும் நாதஸ்வரமும். எல்லாரையும் உள்ளே விட்டார்கள். ஞானசிகாமணி புதுச்சட்டை போட்டு, தாசம்மாளையும் சரோஜத்தையும் அழைத்துக்கொண்டு வந்தார். யோசுவா குடும்பத்தோடு வந்தார். மாப்பிள்ளை வாத்தியார் முழங்கையில் குடையை மாட்டிக்கொண்டு அப்பா பின்னால் நின்றான். சபைக்காரர்கள் பத்துப்பதினைந்து பேரையும் யோசுவா கூட்டி வந்திருந்தார். மானம் திரும்புவதை நாலு பேர் பார்க்கவேண்டாமா?

ஏடுகள் பட்டுத்துணிக்குள் மலைபோலக் குவிந்திருந்தன. புல்தைலத்தின் வாடை தலையைச் சுற்றியது. மேலிடத்துப் பெரிய மனுஷர் மாலையைப் போட்டுக்கொண்டதும் கண்ணை மூடிவிட்டார். சுவரில் பழைய படத்துக்குப் பக்கத்தில் இன்னொரு சட்டம் வெல்வெட்டுத் துணியால் மூடித் தொங்கியது. ஞானசிகாமணி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டைரக்டர் பேச எழுந்தார்.

"மஹாஜனங்களே! லோகத்திலே எத்தனையோ லைப்ரரி இருக்கு. அங்கெல்லாம் படிக்கறா. படிச்சு என்ன ஆச்சு? புஸ்தகம் அழுக்காச்சு, தர்க்கம் வந்தது, அவனவன் கேள்வி கேக்கறான். நம்ம மந்திரத்திலே ஒரு கேள்வி உண்டோ? கிடையாது. ஏன்? நாம படிக்கறதில்லை, காப்பாத்தறோம். எதுலேர்ந்து காப்பாத்தறோம்னு சில பேர் கேக்கறா. உங்ககிட்டேர்ந்துதான்!"

கைதட்டினார்கள்.

"இந்தக் கள்ளன் படத்தைப் பத்தி ஒரு குறை இருந்தது. கள்ளன்னு தெரியும், யார்னு தெரியாது. பேர் இல்லை, ஊர் இல்லை. சேஷன் ராப்பகலா ஆராய்ச்சி பண்ணியும் கிடைக்கலை. இன்னிக்கு அந்தக் குறை தீர்ந்துடுத்து. கள்ளனோட பேரனே முன்வந்து, ஆமாம், இது என் பாட்டன்தான்னு கமிட்டி முன்னாலே ஒத்துண்டு, வீட்டிலே ஒளிச்சு வச்சிருந்த படத்தையும் கொண்டுவந்து ஒப்படைச்சுட்டார். இப்பேர்ப்பட்ட மனுஷாளும் உண்டு! இவருக்கு மந்திரத்தின் சார்பிலே ஒரு சால்வை போர்த்தறோம்."

கோலப்பன் வெல்வெட்டை இழுத்தான். வீட்டுப் படம் சர்க்கார் தேக்குச் சட்டத்துக்குள் அளவாக உட்கார்ந்திருந்தது. சட்டத்தில் சந்தனப் பொட்டு இருந்ததால் சுவரிலும் அது பூஜையில் இருப்பதாகவே கணக்கு. அடியோரம் இல்லை. தச்சனுக்கு இந்தத் தடவை உத்தரவுகூட வேண்டியிருக்கவில்லை. கீழே சேஷனின் முத்து முத்தான கையெழுத்தில் மூன்று பாஷையிலும் எழுதியிருந்தது. யோசுவா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சபைக்காரர்கள் எல்லாருக்கும் கேட்கிறபடி வாசித்தார்.

"'ஏடு திருடிய கள்ளன் மாசிலாமணி, ஊர் களியக்காவிளை. அவன் வீட்டிலிருந்து மீட்கப்பட்ட இந்தப் படத்தை மனமுவந்து திருப்பிக் கொடுத்தவர் பேரன் ஞானசிகாமணி, கருப்பட்டி வியாபாரம்.'"

வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டார். "பேரு வந்தாச்சு சம்மந்தி" என்றார். பிறகு, இனி அந்த வார்த்தை தேவையில்லை என்று நினைத்தாரோ என்னவோ, "அப்ப நாங்க வாறோம் ஓய். பஸ்ஸு போயிரும்" என்று மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். சபைக்காரர்கள் அவர் பின்னால் போனார்கள். மாப்பிள்ளை சரோஜத்தை ஒரு தடவை பார்த்தான். அப்புறம் குடையைப் பார்த்தான். போய்விட்டான்.

ஞானசிகாமணியின் தோளில் சேஷன் சால்வையைப் போர்த்திக்கொண்டிருந்தார். வரிசையில் முதலில் நின்ற மீசைக்காரர் ஒருவர் வெற்றிலையை மென்று, புதுப்படத்தை அண்ணாந்து பார்த்துப் பளிச்சென்று துப்பினார். தாத்தாவின் முகத்தில் சிவப்பாக வழிந்தது. "எவ்வளவு பக்தி!" என்று டைரக்டர் மேலிடத்துப் பெரிய மனுஷரை எழுப்பிக் காட்டினார்.

அப்போதுதான் சரோஜம் நடந்தாள். நேரே சுவரண்டை போய்ச் சட்டத்தை ஆணியிலிருந்து எடுத்தாள். அங்கேயே தரையில் உட்கார்ந்து மடியில் கவிழ்த்து, பின்பலகையின் ஆணிகளை வளையலால் நெம்பினாள். வளையல் வளைந்தது, ஆணியும் வளைந்தது. படத்தை உருவி எடுத்துக்கொண்டு, சட்டத்தை மறுபடியும் சுவரில் மாட்டினாள்.

"பிடி! பிடி!" என்று சேஷன் கத்தினார். ஆனால் யார் பிடிப்பது? பூஜையிலிருந்த படத்தை வேதக்காரப் பெண் தொட்டாயிற்று. இனி அதை மந்திரத்தின் ஆள் ஒருவரும் தொடக்கூடாது. கோலப்பன் கையை நீட்டினான், டைரக்டரைப் பார்த்தான், கையை மடக்கிக்கொண்டான். கமிட்டி அங்கத்தினர்கள் வேஷ்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டார்கள். விதி என்றால் விதிதானே?

"நீ பண்றது களவு, தெரியுமோ?" என்றார் டைரக்டர். பேச்சு நடுவில் நின்றதே என்ற வருத்தம் அவருக்கு.

"சட்டம் சர்க்காரு சாதனம். அதை நான் எடுக்கல்ல, தொங்குது பாருங்க" என்றாள் சரோஜம். "இது எங்க பாட்டா. உங்க ஏட்டை எல்லாம் ஆத்துல விட்டுட்டு அவரு மரத்துலயே இருந்திருக்கணும். இருந்திருந்தா நீங்க பூஜை வைக்க ஒண்ணும் இருந்திருக்காது." பிறகு அப்பாவின் தோளிலிருந்து சால்வையை எடுத்து, கண்ணாடியின் விளிம்பு வழியாகக் கசிந்து படத்தில் பட்டிருந்த எச்சிலை அதனால் துடைத்து, சால்வையைச் சேஷனின் மேஜைமேல் வைத்தாள். "வாங்க அப்பா."

மூவரும் வெளியே வந்தார்கள். நாதஸ்வரக்காரர்களுக்கு உள்ளே நடந்தது தெரியாது. விருந்தாளிகள் போகிறார்கள் என்று நினைத்து மங்களம் வாசித்தார்கள்.

பஸ்ஸில் ஞானசிகாமணி அழுதார். "கலியாணம் போச்சே மக்களே, எனக்க புத்தியில்லாத்தனத்துல." சரோஜம் படத்தை மடியில் வைத்துக்கொண்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டில் அதே ஆணியில் மாட்டி, வெட்டுப்பட்ட இடத்தில் ஒரு காகிதத்துண்டு ஒட்டி, அந்த வரியைத் தன் கையால் எழுதினாள். பிறகு அவளுக்குப் பாறசாலையில் ஒரு கம்பவுண்டரோடு கலியாணம் ஆயிற்று. கண்காட்சி பார்க்கிற பழக்கமில்லாத மனுஷர்.

மந்திரத்துக்கும் ஒரு நஷ்டமில்லை. சட்டத்தை இறக்குவதற்கு உத்தரவு வேண்டும், உத்தரவு மேலிடத்தில் இருந்தது. ஆகையால் அடுத்த கண்காட்சியில் வெறும் சட்டமே தொங்கியது. பின்னால் ஒரு கறுப்புத் துணியை வைத்து, கீழே சேஷன் புதுக்கதை எழுதினார்: 'இங்கே இருந்த படம், கள்ளன் மாசிலாமணியின் வம்சத்தாரால் பட்டப்பகலில் திருடப்பட்டது. பரம்பரைத் தொழில்.' மந்திரத்தின் சரித்திரத்திலேயே அவ்வளவு கூட்டம் வந்ததில்லை என்று அறிக்கை சொல்லுகிறது. ஜனங்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள். கறுப்புத் துணியின்மேல் இருந்த கண்ணாடியில் அவரவர் முகம் நன்றாகத் தெரிந்தது. அதன் மேலும் துப்பிவிட்டுத்தான் போனார்கள்.